கட்டுறுபயில்வு

இலங்கையின் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் ஆசிரிய மாணவர் பாடசாலைக்குச் சென்று கற்பித்தபடியே கற்கும் மூன்றாம் ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பர். இக்கல்லூரிகள் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. கட்டுறுபயில்வு நிறைவுற்ற பின்னரே டிப்ளோமா கிடைக்கும்.

மலையகத்தில் இதற்குத் தனிப் பெறுமதி உண்டு. தேயிலைத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதுவரை பல இடங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு. அந்த ஆசிரியப் பற்றாக்குறையைப் போக்கவே பத்தனையில் ஜெர்மனியின் உதவியோடு ஸ்ரீ பாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கு பயின்று தோட்டத்துக்கே ஆசிரியராகத் திரும்பினர்.

கட்டுறுபயில்வின்போது வகுப்பில் காணும் ஒரு சிக்கலைச் செயல்நிலை ஆய்வாக எடுத்துத் தீர்வு தேடலாம். வாசிக்கத் திணறும் பிள்ளை, கொழுந்துக் காலத்தில் குறையும் வரவு, தம்பி தங்கையைப் பார்க்க லயம் எனும் தோட்டத்து வரிசை வீட்டிலேயே நின்றுவிடும் மூத்த பெண் என எல்லாமே ஆய்வுப் பொருள்தான். லயத்துக்குச் சென்று பெற்றோரோடு பேசாமல் இவற்றுக்கு விடை கிடைக்காது. சேவையும் ஆய்வும் இங்கே ஒன்றாகின்றன.

மலையகத்தின் வலப்பனைப் பிரதேசத்தில் கட்டுறுபயில்வுக்கு இன்னொரு தேவையும் உள்ளது. 2007 சனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தை மலைச்சரிவுகளில் மண்சரிவு உயிர்களைப் பறித்தது. பாடசாலைக்கு வரும் பாதைகளில் எது ஆபத்தானது என்பதைப் பிள்ளைகளோடு நடந்து வரைபடமாக்குவதும் ஆசிரிய மாணவரின் ஒப்படையாக வேண்டும்.