ஏடும் முகிலும்

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் எனப் பெயரிடப்பெற்ற புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாட் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தென்பெண்ணை கரை புரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையேயுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியமையால், டிசம்பர் 2-ஆம் நாள் விழுப்புரம் வழியே செல்லும் ரயில்கள் பல நிறுத்தப்பட்டன.

அவ்வெள்ளத்தை ஒட்டி நான் கண்ட இரண்டு நிகழ்ச்சிகளே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

முதலாவது, தென்பெண்ணைக் கரையில் வாழும் என் பழைய மாணவர் ஒருவரைப் பற்றியது. வீட்டினுள் இடுப்பளவு நீர் புகுந்தபோது அவருடைய கைப்பேசி வெள்ளத்தோடு போயிற்று. சில நாட்கள் கழித்து விழுப்புரத்தில் புதிய கைப்பேசி ஒன்றை வாங்கினார். பழைய எண்ணுக்கே மாற்றுச் சிம் பெற்றார். தம் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் இட்டார். அன்று மாலைக்குள் உறவினர் எண்கள், குழந்தைகளின் படங்கள், நிலப் பத்திரத்தைப் படமெடுத்து வைத்திருந்த பக்கங்கள் யாவும் திரும்பி வந்தன. “ஐயா, ஆறு கொண்டுபோனதை ஆகாயம் திருப்பிக் கொடுத்துவிட்டது” என்று அவர் வியந்து கூறினார்.

இரண்டாவது நிகழ்ச்சி சில திங்கள் கழித்து நடந்தது. திண்டிவனத்தில் என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் கைப்பேசியில் இடமில்லை என்ற அறிவிப்பு வந்தது. படங்களெல்லாம் ‘கிளவுட்’ என்னும் முகிற் சேமிப்பில் இருக்கின்றனவே என்ற நம்பிக்கையில், கைப்பேசியில் இருந்தவற்றை அவர் ஒரே மூச்சில் நீக்கிவிட்டார். மூன்று திங்களுக்குப் பின் காலஞ்சென்ற தம் மனைவியாரின் படத்தைத் தேடியபோது, அது கைப்பேசியிலும் இல்லை, முகிலிலும் இல்லை.

வெள்ளத்தால் அழிக்க இயலாததை ஒரு விரல் அழித்தது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமானால், ஏட்டின் வரலாற்றையும் இயந்திரத்தின் வரலாற்றையும் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

ஓர் ஆவணம் பல இடங்களில் இருத்தல் வேண்டும். எல்லா இடத்தும் ஒரே தன்மையாக இருத்தல் வேண்டும். இக்கவலை நம் நாட்டில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. விழுப்புரம் மாவட்டத்து எசாலம் என்னும் சிற்றூரின் திருவிராமீசுவரம் கோயிலில், 1987-ஆம் ஆண்டு முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேட்டுத் தொகுதி ஒன்று கிடைத்தது. அதன் ஏடுகள் ஒரு வளையத்திற் கோக்கப்பெற்று, வளையத்தின் வாயில் அரச முத்திரை பொருத்தப்பெற்றிருந்தது. முத்திரையை உடைக்காமல் ஓர் ஏட்டை உருவவும் முடியாது. புதிய ஏடொன்றை நுழைக்கவும் முடியாது.

இத்தகைய செப்பேடு பிறந்த முறையைச் சோழர் சாசனங்களே விரித்துரைக்கின்றன. அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுதுவான். ஓலைநாயகம் என்னும் அதிகாரி அதனை ஒப்புநோக்குவார். பின்னர்ப் புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் அம்மாற்றத்தைப் பதிவர். அதன்மேல் உரிய நாட்டார்க்கு ஓலை செல்லும். நாட்டார் அதனைத் தலைமேற் கொண்டு, பெண்யானையை நடத்தி எல்லை சூழ்ந்து, அவ்வாறு செய்தமைக்கு அறவோலை எழுதிக் கொடுப்பர். மாற்றம் நிகழ்தல், சரிபார்த்தல், நடுவிடத்துப் பேரேட்டில் பதிதல், தொலைவில் உள்ளோர்க்கு அறிவித்தல், நிறைவேறிற்று என்ற மறுமொழி பெறுதல் ஆகிய இவ்வைந்து படிகளையும் மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சட்டைப்பையில் உள்ள கருவி இவற்றையே நாளும் பன்னூறு முறை செய்கிறது. அதன் பெயர் ஒத்திசைவு. பேச்சு வழக்கில் ‘சிங்க்’ என்பர்.

இனி, இயந்திரத்தின் வரலாற்றுக்கு வருவோம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர் மகாதேவ் சத்தியநாராயணன். அவர் தலைமையில் ‘கோடா’ என்னும் கோப்பு முறை 1987-ஆம் ஆண்டு தொடங்கி உருவாக்கப்பட்டது. கணினிக்கும் நடுநிலையக் கணினிக்கும் இடையேயுள்ள தொடர்பு அறுந்துவிட்டால் வேலை நின்றுவிடலாகாது என்பதே அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். தேவையான கோப்புகளை முன்கூட்டியே கணினியிற் சேர்த்து வைத்தல், தொடர்பற்ற வேளையில் செய்த மாற்றங்களை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைத்தல், தொடர்பு மீண்டவுடன் அக்குறிப்பேட்டை நடுநிலையத்திற்கு ஒப்புவித்தல் என்பது அவர்கள் கண்ட வழி. ஜேம்ஸ் கிஸ்லருடன் சேர்ந்து 1991-ஆம் ஆண்டு அவர் இதனை அறிஞர் அவையில் வெளியிட்டார். வெள்ளக் காலத்தில் கோபுரங்கள் செயலற்றபோது எடுத்த படங்கள், தொடர்பு வந்தபின் தாமாகவே மேலேறுவது இந்தக் கருத்தின் வழிப்பட்டதே.

1996-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் என்னும் இருவர், கோப்பு முழுவதையும் அனுப்பாமல் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ‘ஆர்சிங்க்’ என்ற முறையை வெளியிட்டனர். அதே ஆண்டில் ‘பாம் பைலட்’ என்னும் கையடக்கக் கருவி விற்பனைக்கு வந்தது. அதனை ஒரு தொட்டிலில் அமர்த்திப் பொத்தானை அழுத்தினால், கணினியில் உள்ள முகவரிகளும் கருவியில் உள்ளவையும் ஒத்துப்போகும். 2007-ஆம் ஆண்டு ‘டிராப்பாக்ஸ்’ நிறுவனம் தோன்றிற்று. 2008-ஆம் ஆண்டு முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும், 2011-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் ‘ஐகிளவுட்’ என்னும் சேவையும் தொட்டிலையும் பொத்தானையும் வேண்டாதனவாக்கின.

முகில் என்றதும் வானத்தை நோக்க வேண்டுவதில்லை. உங்கள் படம் அருகிலுள்ள கோபுரம் வரையில்தான் காற்றில் செல்கிறது. அதன்பின் பெரும்பாலும் மண்ணுக்கடியில் உள்ள கண்ணாடி இழையில் ஓடுகிறது. அது சேருமிடம், குளிரூட்டப்பட்ட கூடங்களில் அடுக்கடுக்காகக் கணினிகளை நிறுத்தியுள்ள ஒரு கட்டிடம். சென்னையை அடுத்த சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இத்தகைய தரவு மையங்கள் உள்ளன. உங்கள் படம் தங்கும் மையம் மும்பையிலோ சிங்கப்பூரிலோகூட இருக்கலாம். ஒரு கட்டிடம் பழுதுற்றாலும் பொருள் அழியாதிருக்க, பெரிய சேவைகள் ஒரு படியை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைக்கின்றன.

அங்கே என்ன நிகழ்கிறது? நீங்கள் ஒரு படம் எடுத்தவுடன் கைப்பேசி தன் குறிப்பேட்டில் ‘புதியது ஒன்று சேர்ந்தது’ என எழுதுகிறது. பின்னர் அக்கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கணித முறையில் ஒரு முத்திரையைக் கணக்கிடுகிறது. பரவலாக வழங்கும் ஒரு முறையில் இம்முத்திரை 256 இரும இலக்கங்கள் உடையது. துண்டில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை முற்றும் வேறாகிவிடும். எசாலத்துச் செப்பேட்டு வளையம் செய்த காவலை இங்கே எண் செய்கிறது. நடுநிலையத்தில் ஏற்கெனவே உள்ள முத்திரைகளோடு ஒப்பிட்டு, இல்லாத துண்டுகளை மட்டுமே, இடைவழியில் பிறர் படிக்க இயலாதபடி மறைகுறியாக்கி அனுப்புகிறது. ‘கிடைத்தது’ என்ற மறுமொழி வரும்வரை கைப்பேசி அவ்வேலையை முடிந்ததாகக் கொள்வதில்லை. மீண்டும் மீண்டும் முயல்கிறது.

நடுநிலையம் ஒவ்வொரு மாற்றத்திற்கும் வரிசை எண் இட்டுப் பதிகிறது. உங்கள் வீட்டுக் கணினி, ‘நான் 417-ஆம் மாற்றம் வரை அறிவேன், அதன்பின் நிகழ்ந்தவை யாவை?’ என்று கேட்கும். 418, 419 என்ற இரண்டு மாற்றங்கள் மட்டும் அதற்கு வந்து சேரும். ஆயிரம் படங்களையும் நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இதனால் மிச்சமாகிறது.

இங்கே ஓர் இடர் எழும். ஒரே குறிப்பைக் கைப்பேசியில் ஒருவிதமாகவும், தொடர்பற்றிருந்த கணினியில் வேறுவிதமாகவும் திருத்திவிட்டால் எதனை ஏற்பது? பிந்தியதை ஏற்கலாமெனின், எது பிந்தியது என்பதை எந்தக் கடிகாரம் சொல்வது? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திண்டிவனம், விழுப்புரம் வழியாக ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில், ஊர்தோறும் உச்சிப்பொழுது சிறிது வேறுபட்டது. எனவே ரயில்வேயினர் சென்னை வானாய்வகத்தின் நேரத்தையே பொது நேரமாகக் கொண்டனர். 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. கணினிகளின் கடிகாரங்களோ சிறு அளவில் முன்னும் பின்னுமாகவே ஓடுகின்றன. அவற்றை மட்டும் நம்பாமல், செய்திகளோடு செல்லும் வரிசை எண்களைக் கொண்டே முன்பின் முறையை வகுக்கலாம் என்று லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் 1978-ஆம் ஆண்டு காட்டினார். எண்களாலும் முடிவு காண இயலாதபோது, சில சேவைகள் இரண்டு படிகளையும் வைத்துக்கொண்டு, முடிவை உரியவரிடமே விட்டுவிடுகின்றன. ஏடு பதிப்பிக்கும் புலவர் பாடபேதத்தைக் குறித்து வைப்பது போன்றது இது.

இப்போது நம் ஆசிரியரின் துயரத்திற்கு வருவோம். ஒரு பொருளை நீக்குவதும் இயந்திரத்தின் கணக்கில் ஒரு மாற்றமே. கைப்பேசியில் ஒரு படத்தை நீக்கினால், அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட முடியாது. விட்டால், அப்படம் உள்ள வேறொரு கருவி அதனைப் புதியதென்று கருதி மீண்டும் அனுப்பிவிடும். ஆகவே, ‘இங்கிருந்தது நீக்கப்பட்டது’ என்ற அடையாளம் ஒன்று நடப்படுகிறது. ஆங்கிலத்தில் இதனைக் கல்லறைக் கல் என்ற பொருள்படும் சொல்லாலேயே வழங்குகின்றனர். செங்கம் பகுதியில் நடுகற்களைக் கண்டவர்கள் இதன் பொருத்தத்தை உணர்வார்கள். அவ்வடையாளம் நடுநிலையத்திற்கும், அங்கிருந்து ஏனைய கருவிகளுக்கும் செல்ல, அவை யாவும் கீழ்ப்படிந்து தத்தம் படியை நீக்குகின்றன. நீக்கியவை 30 நாட்களோ 60 நாட்களோ குப்பைக் கூடையில் காத்திருக்கும். தவணை கடந்தபின் அழியும். ஆசிரியர் தேடியது அத்தவணைக்குப் பிறகு.

வெள்ளம் கைப்பேசியைக் கொண்டுபோயிற்றே ஒழிய, நீக்குக என்ற ஆணையை நடுநிலையத்திற்கு அனுப்பவில்லை. ஆதலின் மாணவரின் படங்கள் பிழைத்தன. ஆசிரியரின் விரலோ அவ்வாணையை முறைப்படி அனுப்பிற்று. இயந்திரமும் பிழையின்றி அதனை நிறைவேற்றியது. ஒத்திசைவின் கடமை எல்லாப் படிகளையும் ஒன்றுபோல் வைத்திருத்தல். நல்ல திருத்தம் எங்கும் பரவுவது போலவே தவறும் எங்கும் பரவும். ஒன்றுபோல் வைத்தலும் பாதுகாத்தலும் இரண்டு வேறு தொழில்கள் என்பதை நாம் தெளிதல் வேண்டும்.

பாதுகாத்தல் எத்தகையது என்பதற்கும் சோழர் வரலாற்றிலேயே சான்று உண்டு. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, சுவரைப் பிரிக்கும் முன்னர், அங்கிருந்த கல்வெட்டுகளையெல்லாம் பொத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தான். கோயில் எழுந்தபின், ராஜேந்திரன் காலத்தில், அப்படியைக் கொண்டு அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. சுவர் இடிந்தபோது பொத்தகம் உடன் இடியவில்லை. அது சுவரோடு பிணைக்கப்படாத தனிப்படி.

மாணவர்களே, உங்கள் பாடக்குறிப்புகளும் சான்றிதழ்களும் குடும்பப் படங்களும் முகிலில் இருப்பது நல்லதே. ஆயினும், அவற்றின் தனிப்படி ஒன்றை, ஆண்டுக்கு ஓரிரு முறையேனும், கைப்பேசியோடு இணைந்திராத வன்தட்டிலோ அச்சுத் தாளிலோ எடுத்து வேறிடத்தில் வையுங்கள். இடம் வேண்டுமென்று எதனையும் நீக்குமுன், ‘இக்கருவியில் மட்டும் நீக்கு’ என்ற வழி உண்டா எனப் பாருங்கள். கடவுச்சொல்லைப் பெரியவர்களும் அறியும்படி ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

திண்டிவனத்து ஆசிரியருக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. வெளியூரில் வாழும் தம் மகளுக்கு அவர் எப்போதோ அனுப்பியிருந்த படங்களுள் சில, அப்பெண்ணின் கைப்பேசியில் அவளுடைய கணக்கில் தனியே இருந்தன. அவற்றுள் ஒன்றில் அவ்வம்மையார் வாசலில் அமர்ந்து மல்லிகை தொடுத்துக் கொண்டிருக்கிறார். ஆசிரியர் அப்படத்தைத் தாளில் அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். நான் செல்லும்போதெல்லாம் அதன் எதிரே உள்ள நாற்காலியைத்தான் எனக்கு இடுகிறார்.