கோப்ரா நகல் கார்: வரலாறும் நன்மை தீமைகளும்

கோப்ரா நகல் கார் என்பது 1960களில் வெளிவந்த ஏசி கோப்ரா என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் தோற்றத்தில் பின்னாளில் செய்யப்பட்ட கார் ஆகும். இவற்றுள் பல, பாகங்களாக விற்கப்பட்டு வாங்கியவராலேயே பூட்டப்படுகின்றன. அவ்வாறு விற்கப்படுபவை கிட் கார் எனப்படும்.

மூலக் கார்

இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டனில் இயங்கிய ஏசி கார்ஸ் நிறுவனம் 1953 முதல் ஏஸ் என்னும் இலகுவான திறந்த காரைத் தயாரித்தது. அதற்கு வந்துகொண்டிருந்த பிரிஸ்டல் எஞ்சின் 1961இல் நிறுத்தப்பட்டது. 1959 லெ மான் பந்தயத்தை ராய் சால்வடோரியுடன் இணைந்து வென்ற அமெரிக்கரான கரோல் ஷெல்பி, அந்த உடலில் அமெரிக்க வி8 எஞ்சினைப் பொருத்த முன்வந்தார். ஃபோர்டு எஞ்சின் வழங்கியது; 1962இல் கோப்ரா உருவானது. 1965இல் 7 லிட்டர் எஞ்சினும் அகன்ற சக்கர வளைவுகளும் கொண்ட வடிவம் வந்தது. நகல்களில் பெரும்பாலானவை இதையே பின்பற்றுகின்றன.

1960களின் இறுதியில் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ ஆயிரம் கார்களே செய்யப்பட்டிருந்தன. இந்த அருமையே விலையை ஏற்றியது. முதல் கோப்ரா 2016இல் 1.375 கோடி அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. சாதாரண ரசிகருக்கு எட்டாத இந்த விலைதான் நகலுக்குச் சந்தையை உண்டாக்கியது.

நகல்களின் வருகை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1995இல் தொடங்கப்பட்ட ஃபேக்டரி ஃபைவ் ரேசிங் நிறுவனம் இரும்புக் குழாய்ச் சட்டகத்தையும் கண்ணாடி இழை உடலையும் விற்றது. எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு, பிரேக் முதலியவற்றைப் பழைய ஃபோர்டு மஸ்டாங் ஒன்றிலிருந்து கழற்றிப் பொருத்தலாம். உடலின் வடிவம் யாருக்கு உரியது என்னும் கேள்வி எழுந்து, ஷெல்பி தரப்பு 2000இல் இந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அது பின்னர் சமரசத்தில் முடிந்தது.

நன்மைகள்

மூலக் காரின் விலையில் மிகச் சிறு பங்கே செலவாகும். கீறல் விழுமோ என்று அஞ்சாமல் ஓட்டலாம். மூலத்தின் அலுமினிய உடலைவிடக் கண்ணாடி இழையைப் பழுதுபார்ப்பது எளிது. பாகங்கள் பொதுவான கார்களுடையவை என்பதால் தட்டுப்பாடில்லை. தானே பூட்டியவருக்குத் தன் வண்டியின் ஒவ்வொரு திருகும் தெரிந்திருக்கும்.

தீமைகள்

கிட்டின் விலை முழுச் செலவு அன்று. எஞ்சின், சக்கரம், வண்ணப்பூச்சு, கருவிகள் எனச் செலவு வளரும். நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பும் வேண்டும்; பாதியில் நின்ற வண்டி அடிமாட்டு விலைக்கே போகும். கோப்ராவின் சக்கர இடைவெளி சுமார் 2.29 மீட்டர்தான், அதில் பெரிய எஞ்சினைப் பொருத்தினால் ஈரச் சாலையில் பின்பக்கம் எளிதில் வழுக்கும். காற்றுப்பை போன்ற காப்புகள் பொதுவாக இருப்பதில்லை. பூட்டியவரின் பிழை நேரே உயிருக்கு ஆபத்தாகலாம்.

சட்டம்

பிரிட்டனில் இத்தகைய வண்டி தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேறினால்தான் சாலைக்கு வரலாம். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டுச் சட்டம், சிறு நிறுவனங்கள் ஆண்டுக்கு 325 நகல் கார்கள் வரை முழுமையாகச் செய்து விற்க வழிவகுத்தது.

மதிப்பீடு

மூலக் கோப்ராக்களின் சட்டக எண்கள் பதிவேடுகளில் தொகுக்கப்பட்டுள்ளன. ஆகவே நகல் ஒருநாளும் மூலமாகாது. முதலீடாக வாங்குபவருக்கு அது பெரும்பாலும் ஏமாற்றமே. ஆனால், விலையேற்றத்தால் கூடங்களில் பூட்டப்பட்ட ஒரு காரைச் சாலையில் மீண்டும் ஓடவிட்டவை இந்த நகல்களே.