ரமணரின் ‘நான்’, ‘இது’

திருவண்ணாமலை ரமண மகரிஷி (1879–1950) தன்வரலாற்று நூல் எழுதியவர் அல்லர். ஆனாலும் தன்னைப் பற்றிச் சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார் என்று பார்க்க அவர் விட்டுச்சென்ற ஒரு சீட்டு போதும். 1896 ஆகஸ்ட் 29 அன்று, பதினாறு வயதுப் பள்ளி மாணவர் வேங்கடராமனாக மதுரையை விட்டுக் கிளம்பும்போது எழுதியது அது. சில வரிகளே. முதல் வாக்கியத்தில் தந்தையைத் தேடிப் போகிறவர் ‘நான்’. அடுத்த வாக்கியத்திலேயே அவர் ‘இது’ ஆகிவிடுகிறார். இதைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்கிறார். கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. கூடவே அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்ற கணக்கும் உண்டு. துறவுக் கடிதத்தில் சம்பள பாக்கி! அந்தச் சம்பளத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றுதான் அவர் எடுத்துக்கொண்டது.

தமிழ் வினைமுற்றே எழுவாயைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ தனியே வேண்டியதில்லை. ஆகவே ‘இது’ என்று எழுதுவது எழுவாயை மாற்றுவதோடு நிற்பதில்லை. வினையின் விகுதியும் அஃறிணைக்குப் போகிறது.

தன்னிடமிருந்து விலகி நின்று சொல்வதற்கு வேறு வழியும் உண்டு. எகிப்திய எழுத்தாளர் தாஹா ஹுசைன் ‘அல்-அய்யாம்’ நூலில் (முதல் பாகம் 1929) தம் இளமையைப் படர்க்கையில் சொன்னார். கண்பார்வை இழந்த கிராமத்துச் சிறுவன் அங்கே ‘அவன்’; சொல்பவரோ நாற்பதை எட்டும் பேராசிரியர். இடையே உள்ள ஆண்டுகள்தான் அந்தப் படர்க்கையை உண்டாக்கின. மதுரைச் சீட்டில் அப்படி ஆண்டுகள் ஏதும் கடக்கவில்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் விலகல் நடந்துவிடுகிறது.

வேங்கடராமனுக்கு 1896 ஜூலையில் நேர்ந்த மரண அனுபவத்தின் புகழ்பெற்ற வருணனைதான் சிக்கலானது. பி.வி. நரசிம்ம சுவாமி 1931இல் வெளியிட்ட, ரமணரின் ஆங்கில வாழ்க்கை வரலாற்றில் அது முழுக்கத் தன்மையில் ஓடுகிறது. ஆனால் சொற்கள் அப்படியே பதிவானவை அல்ல, ரமணர் ‘நான்’, ‘நீ’ என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவது அரிது, தமிழும் அதற்கு இடம் தருகிறது, வாசகருக்குப் புரியவே வழக்கமான நடையைக் கையாண்டேன் என்று நரசிம்ம சுவாமியே அடிக்குறிப்பில் ஒப்புக்கொள்கிறார். நேர்மையான குறிப்பு, பின்னால் வந்த நூல்கள் பலவும் வருணனையை எடுத்துக்கொண்டு குறிப்பை விட்டுவிட்டன.

அந்த வருணனையில் வரும் ‘நான்’ நரசிம்ம சுவாமி இட்டது. சீட்டில் உள்ள ‘இது’ வேங்கடராமன் தம் கையால் எழுதியது.