மனரம்மியம்: சிறையிலிருந்து லயத்துக்கு

‘ரம்மியம்’ பெரும்பாலும் கண்ணுக்கு உரிய சொல். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இலங்கை மலையகத்து வட்டவளையை ரயில் கடக்கும்போது, ஜன்னலோரப் பயணிகள் தேயிலைச் சரிவுகளைப் பார்த்துச் சொல்வதும் அதுதான். ‘மனரம்மியம்’ ஆனதும் அது தேவாலயத்துச் சொல்லாகிவிடுகிறது. பிலிப்பியர் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில், எந்த நிலைமையிலும் நிறைவோடிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதும் இடத்தில், சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லையே ஆள்கிறது. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முழுமை பெற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்தது அது. கத்தோலிக்கர் கையிலுள்ள 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் அதே இடத்தில் ‘மனநிறைவு’ நிற்கிறது.

மூலமான கிரேக்கச் சொல் ‘அவுட்டார்க்கெஸ்’. ‘தான்’, ‘போதும்’ என்ற இரண்டு துண்டுகள் சேர்ந்தது. வெளியிலிருந்து எதுவும் தேவைப்படாத ஞானியைக் குறிக்க ஸ்தோயிக்கர்கள் அதைப் பெருமையாகப் பயன்படுத்தினார்கள். பவுல் அந்தச் சொல்லை எடுத்துப் பொருளைத் திருப்பிவிட்டார். அவர் அப்போது சிறையில் விலங்கோடு இருந்தவர். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லத்தான் அந்த வரிகளையே எழுதுகிறார். தம் பலம் கிறிஸ்துவிடமிருந்து வருகிறது என்கிறார். தம் உபத்திரவத்தில் பங்கெடுத்தது நல்லது என்று பிலிப்பியரிடமும் சொல்கிறார். பிறர் நீட்டும் கையை நன்றியோடு பற்றிக்கொள்ளும் நிறைவு இது.

வேதாகமத் தமிழை மலையகத் தோட்டங்களுக்குச் சுமந்து வந்தவர்களில் திருநெல்வேலி உபதேசியார்கள் முக்கியமானவர்கள். 1854இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ அவர்களை அழைத்து வந்தது. நடத்தியது சர்ச் மிஷனரி சங்கம்; பணம் கொடுத்தவர்களில் கோப்பித் தோட்டத் துரைமார் இருந்தார்கள்.

அதை மறக்கக் கூடாது. கூலி கொடுப்பவரின் காசில் நடக்கும் போதனையில் ‘போதும்’ என்ற சொல் எளிதாக வாய்ப்பூட்டாகிவிடும். அதற்கு வாகாக ஒரு வசனமும் உண்டு. லூக்கா 3:14இல் யோவான்ஸ்நானகன், கிடைக்கும் சம்பளம் போதுமென்று இருக்கச் சொல்கிறார். கிரேக்கத்தில் அங்கும் அதே ‘போதும்’ வேர்தான். ஆனால் அவர் யாரிடம் பேசுகிறார்? ஆயுதம் ஏந்திய போர்ச்சேவகரிடம். இடுக்கண் செய்யாதே, பொய்க் குற்றம் சாட்டாதே என்ற கட்டளைகளோடு சேர்ந்து வருகிறது அந்த அறிவுரை. பறிக்கும் பலம் உள்ள கைகளுக்கு இட்ட வேலி அது. கூலி பறிபோனவர்களைப் பற்றி யாக்கோபு 5:4 பேசுகிறது: வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவியை எட்டியிருக்கிறது.

தோட்டத்தில் ‘போதும்’, ‘போதாது’ என்பதைத் தராசு முடிவுசெய்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் விதித்த கிலோ குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒரு நாள் உழைப்புக்குப் பாதிச் சம்பளம். உழைத்தவருடைய பேரையே பாதியாக்கும் இந்தச் சொல்லைவிடக் கசப்பான சொல் மலையகத்தில் குறைவு.

அப்படி அரைப்பேர் விழுந்த நாளின் இரவிலும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் ஒழுகும் தகரக் கூரைக்குக் கீழே ஜெபம் நடக்கிறது. ‘ஸ்தோத்திரம்’ என்ற சொல் நா தழுதழுக்க வருகிறது. அதை அறியாமை என்று ஒதுக்குகிறவர்கள் அந்த வீடுகளை அறியாதவர்கள். தன் மதிப்பைத் தராசு தீர்மானிப்பதில்லை என்று நம்புகிற ஒருவருக்குத்தான் அந்த நன்றி வாயில் வரும். அதே ஆள் மறுநாள் தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் போவார். ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோது, அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் கோயிலுக்குப் போகிறவர்களும் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் இருந்தார்கள்.

ஜெபம், போராட்டம் இரண்டையும் ஒரே வாழ்வில் வைத்துக் காட்டியவர் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தைத் தொடங்கி, தோட்டத் தமிழரின் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் எழுதினார், அலைந்தார். விசுவாசத்தின் பெயரால் அவர் யாரையும் வாய்மூடி இருக்கச் சொன்னதில்லை.

தோட்டத்துச் சபைகளில் பிரசங்கம் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிலிப்பியர் 4ஐ வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் யாக்கோபு 5ஐயும் சேர்த்து வாசியுங்கள்.