இணைய ரம்மியில் பாட்

பாட் என்பது மனிதரைப் போலக் கணக்குத் தொடங்கி, இணைய விளையாட்டில் தானாகவே ஆடும் மென்பொருள். தமிழ்நாட்டில் இது பணம் வைத்து ஆடும் ரம்மியை ஒட்டியே பெரிதும் பேசப்பட்டது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கிலும் வாதமாக எழுந்தது.

வகைகள்

ஆட்டக்காரர் ஓட்டும் பாட் ஒரு வகை. ஒரே ஆள் பல கணக்குகளை ஒரே மேசையில் அமர்த்தி, அவற்றின் கைச்சீட்டுகளை ஒன்றாகப் பார்த்து ஆட இது உதவும். ஆள் குறையும் மேசையை நிரப்ப நிறுவனமே இறக்கும் பாட் இன்னொரு வகை. பப்ஜி மொபைல் போன்ற விளையாட்டுகளில் புதியவர்களுக்கு எதிராகக் கணினி ஆடுவது வழக்கம்தான். பணம் வைத்த மேசையில் நிலைமை வேறு: எல்லோர் சீட்டும் நிறுவனத்தின் சர்வரில்தான் இருப்பதால், அதன் பாட் அவற்றைப் பார்த்து ஆட வழியுண்டு. எதிராளியின் சீட்டைப் பார்க்காமலேயே இயந்திரத்தால் வெல்லவும் முடியும்; 2019இல் புளூரிபஸ் என்ற நிரல் அறுவர் ஆடும் போக்கரில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது.

கண்டறிதல்

முக்கியத் தடயம் நேரம். தேவையான சீட்டு வந்தால் மனிதர் சட்டென எடுப்பார்; கையிலுள்ள பதினான்கு சீட்டுகளில் எதைக் கழிப்பது என்று குழம்பும்போது தயங்குவார். பாட் செயற்கையாகத் தாமதித்தாலும், அத்தாமதம் முடிவின் கடினத்தோடு பெரும்பாலும் பொருந்தாது. விரல் தொடும் இடம், ஓய்வின்றி ஆடும் மணிக்கணக்கு, ஒரே கருவியில் பல கணக்குகள், குறிப்பிட்ட சிலர் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே மேசைக்கு வருவது ஆகியவையும் கவனிக்கப்படும்.

தடுப்பு

அடையாளச் சரிபார்ப்பு, கேப்ட்சா, மேசைகளைக் குலுக்கி ஒதுக்குதல், எதிராளியின் சீட்டு விவரத்தை ஆட்டக்காரரின் கைபேசிக்கு அனுப்பாமை ஆகியவை வழக்கமான முறைகள். வால்வ் என்ற விளையாட்டு நிறுவனத்தின் ஏமாற்றுத் தடுப்பு அமைப்பான வேக், ஏமாற்றுக் கருவிகளைக் கண்டதும் தடைசெய்யாமல் சில நாள் பொறுத்தே தடைசெய்வதுண்டு. எது காட்டிக்கொடுத்தது என்று கருவியைச் செய்தவர்களுக்குத் தெரியாமலிருக்க இந்த ஏற்பாடு.

இவையெல்லாம் முதல் வகைக்கே பொருந்தும். பதிவேடுகள் நிறுவனத்தின் கையில் இருப்பதால், இரண்டாம் வகையைப் பிடிக்க வெளித் தணிக்கை வேண்டும். சீட்டுக் குலுக்கல் நேர்மையானது என்ற சான்றிதழ் மேசையில் இருப்பது யார் என்பதைச் சொல்லாது. அதனால்தான் 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட இணைய விளையாட்டு வரைவு விதிகள் ‘பாட் இல்லை’ என்று தனிச் சான்றிதழ் கேட்டன.

சட்ட நிலை

இணைய ரம்மி பற்றி ஆராய்ந்த நீதிபதி கே. சந்துரு குழு 2022 ஜூனில் அறிக்கை அளித்தபின் தமிழ்நாடு அதற்குத் தடைச்சட்டம் இயற்றியது. பாட் பயன்படுத்தப்படலாம் என்ற அரசின் அச்சத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கூறிய உயர் நீதிமன்றம், 2023 நவம்பர் 9 அன்று ரம்மி, போக்கர் மீதான தடையை நீக்கியது. ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசிடமே விட்டது. தமிழ்நாட்டின் 2025 விதிமுறைகள் ஆதார்ச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டத்தைத் தடுத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறனாட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்கிறது.