மோட்ஸார்ட்டும் டோனான்யியும்: ஒரு மழலை மெட்டின் இரு வடிவங்கள்

‘ஆ! வூ திரே-ஜ, மமான்’ என்ற பிரெஞ்சுப் பாட்டின் மெட்டைக் கொண்டு மோட்ஸார்ட் தனிப் பியானோவுக்கு எழுதிய 12 வேரியேஷன்கள் 1785இல் வியன்னாவில் அச்சேறின. அதே மெட்டைப் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக விரித்த ஹங்கேரியர் எர்னோ டோனான்யி, 1914இல் பெர்லினில் தாமே பியானோவில் அமர்ந்து அரங்கேற்றினார். முன்னது பயிற்சிப் பாடம், பின்னது வேடிக்கை என்பதே பொதுவான எண்ணம். அருகருகே வைத்துக் கேட்டால் அந்த எண்ணம் நிலைப்பதில்லை.

தொடக்கத்தில் மட்டும் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். மோட்ஸார்ட் முன்னுரை எதுவுமின்றி மெட்டை நேரே வைத்துவிடுகிறார். டோனான்யியோ மைனரில் ஒரு நீண்ட, இருண்ட முன்னிசையை எழுப்பி, பெருந்துயரம் ஒன்று வரப்போகிறது என்று நம்மை நம்பவைக்கிறார். அதன் பிறகே பியானோவில் அந்தச் சின்ன மெட்டு, எந்த அலங்காரமும் இல்லாமல் வருகிறது. அரங்கு சிரிப்பது இயல்புதான். ஆனால் அந்தச் சிரிப்பு முன்னிசையின் ஆடம்பரத்தைப் பார்த்து எழுவது. மெட்டை டோனான்யி ஓரிடத்திலும் இழிவுபடுத்தவில்லை.

மோட்ஸார்ட்டின் அக்கறை விரல்களின் மீது. முதல் வேரியேஷனில் வலக்கை விரைந்தோடுகிறது, இரண்டாவதில் அந்த ஓட்டம் இடக்கைக்கு மாறுகிறது. டோனான்யியின் அக்கறை பாணிகளின் மீது. வியன்னா வால்ட்ஸ், அணிவகுப்பு, பாஸக்காலியா என்று ஐரோப்பிய இசையின் ஒவ்வொரு உடையையும் மெட்டுக்கு அணிவித்துப் பார்க்கிறார். இருவருக்கும் இடம்கொடுப்பது மெட்டின் எளிய எலும்புக்கூடு: ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவி, தைவதத்தைத் தொட்டு, படிப்படியாக இறங்கிவிடுகிறது. இத்தனை தெளிவான வடிவம் எவ்வளவு மாற்றினாலும் அடையாளம் இழப்பதில்லை.

என்னை வியக்கவைத்தது முடிவுப் பகுதியின் உறவு. மோட்ஸார்ட்டின் 11ஆவது வேரியேஷன் மெதுவான அடாஜியோ; 12ஆவது, தாளம் மூன்றுக்கு மாறிய வேகமான நிறைவு. டோனான்யியின் 11ஆவது, தேவாலயக் கோரல் போன்ற நிதான நடை. அதை அடுத்து விறுவிறுப்பான ஃப்யூக். அவர் மோட்ஸார்ட்டை மனத்தில் வைத்தே அப்படி அமைத்தாரா என்பது முக்கியமன்று. உச்சத்துக்கு முன் கேட்பவரை நிறுத்தி மூச்சுவிட வைக்கும் கட்டுக்கோப்பு இருவருக்கும் பொதுவானது. வேடிக்கைப் படைப்பு என்பதற்காக டோனான்யி அதைத் தளர்த்தவில்லை.

இரண்டையும் ஒரே அமர்வில் கேளுங்கள், மோட்ஸார்ட்டை முதலில். மெட்டு காதில் பதிந்தபின் கேட்டால்தான் டோனான்யியின் உழைப்பு முழுதாகத் தெரியும்.