எண்ணெயும் காற்றும்

கம்பிகளையும் கோல்களையும் கொண்டு மோட்டாரின் சக்கரங்களை ஒருசேர நிறுத்த முயன்று, ஒன்று முந்த மற்றொன்று பிந்த, வண்டி பக்கவாட்டில் இழுபட்ட அந்நாளில், திரவத்தின் அழுத்தம் எத்திசையிலும் சமமாய்ப் பரவும் என்னும் பௌதிக விதியை நம்பிய மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர், திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கிற்கு 1917-இல் காப்புரிமை பெற்றார். 1921-இல் வெளிவந்த டூசன்பெர்க் கார் அதை நான்கு சக்கரங்களுக்கும் அளித்தது. ஃபோர்டு நிறுவனமோ, பிடிவாதத்திற்கும் ஓர் எல்லையுண்டு, 1939 வரை ஒதுங்கியே நின்றது.

திரவம் சுருங்காது, காற்றோ சுருங்கும். பிரேக் குழாயில் காற்றுக்குமிழி புகுந்தால் மிதி பஞ்சாய் அமுங்கும். ஆகவேதான் பட்டறைகளில் இருவர் சேர்ந்து செய்யும் அந்தச் சடங்கு தோன்றிற்று: ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, மிதியிலிருந்து கால் எடுபடுமுன் இறுக்கிவிடுவார். இதனிடையே குழாய்க்குத் திரவமாகிய பிரேக் எண்ணெயை ஊட்டும் மேற்கலம் வற்றினால், மீண்டும் காற்று புகுந்து, அத்தனை பிரயாசையும் விருதாவாகும்.